எஸ்தர் டாக்டர் நிறுத்தச் சொன்ன களிம்பு

கொட்டாம்பட்டி நெடுஞ்சாலையில் ஒரு விபத்துச் செய்திக்காக நின்றிருந்தபோது என் மகள் ஜெனிபா போன் செய்தாள். "அப்பா, எஸ்தர் டாக்டர் போயிட்டாங்க." நுரையீரலில் தொற்று. மருந்துக்குக் கிருமி அடங்கிவிட்டது, உடம்பின் எதிர்ப்புதான் அடங்கவில்லை என்றார்களாம். அந்தப் பேச்சு எங்கள் இருவருக்கும் புதிதல்ல.

முகப்பருவுக்காகத் தோல் டாக்டரான அவரிடம் போன பலர் இதை வாசிப்பீர்கள். அவர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீட்டில் முகத்தில் பூசும் அத்தனையையும் பையில் கொண்டுவந்து மேசையில் கொட்ட வேண்டும். துப்பட்டாவைக் கண்வரை இழுத்துக்கொண்டு வந்த ஜெனிபாவின் பையில் கடலை மாவு, சந்தனம், கூடவே ஒரு களிம்பு. அவனியாபுரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் என் மச்சான் கொடுத்தது. பூசிய வாரமே முகம் தெளிந்தது. வீடே மச்சானைக் கொண்டாடியது. நிறுத்தினால் முன்பைவிடச் சிவந்து வெடித்தது. அதனால் நிறுத்தவே இல்லை.

"உங்க மச்சான் கைராசிக்காரர். எனக்கு இம்புட்டு ஆள் அனுப்புறது அவர்தான்" என்றார் டாக்டர்.

பிறகு நிதானமாக விளக்கினார். எண்ணெய் அடைத்த மயிர்க்காலில் கிருமி பெருகும்போது, இன்டர்லூகின் போன்ற நுண்ணிய புரதங்களைத் தோல் அனுப்புகிறது. ரத்தத்திலிருக்கும் வெள்ளையணுக்களுக்கு அது அழைப்பு. அவை வந்து சண்டையிடும் இடம்தான் சிவப்பும் வலியும் சீழும். அழைப்பு ஓயாவிட்டால் வந்தவை நம் சதையையே அரிக்கும், குழி விழும். இந்தக் களிம்பிலிருக்கும் ஸ்டீராய்டு அழைப்பைத்தான் அமுக்குகிறது. காரணம் அப்படியே இருக்கிறது, தோலும் மெலிகிறது. நிறுத்தினால் சில வாரம் முகம் இன்னும் மோசமாகும், பிறகே தான் தரும் மருந்து பிடிக்கும் என்றார்.

அந்த மாதம் வாடிப்பட்டியிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதுவரை மட்டும் பூசிக்கொள்ளட்டுமா என்று என் மனைவி கேட்டாள்.

"பூசலாம்மா. அவங்க பாத்துட்டுப் போயிருவாங்க. முகம் இவகூடத்தான இருக்கும்?"

ஜெனிபா நிறுத்தினாள். வந்தவர்கள் காபி குடித்தார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பவில்லை. அவள் கல்லூரிக்குப் போவதையும் விட்டாள். டாக்டரிடம் மட்டும் வாரந்தவறாமல் போனாள். உள்ளே நுழைந்ததும், "இந்த வாரம் என்னைய எம்புட்டுத் திட்டுன?" என்பாராம். இவளும் ஒளிக்காமல் சொல்லுவாளாம். மெல்லச் சிவப்பு வற்றியது. இடது கன்னத்தில் குழிகள் தங்கின. போகுமா என்று கேட்டதற்கு, "குறையும். முழுசாப் போகாது" என்றார். ஆறுதலுக்காகக்கூட அவருக்குப் பொய் வராது.

அடக்கத்தன்று அவருடைய உதவி மருத்துவர், கடைசி நாட்களில் என்ன நடந்தது என்று ஜெனிபாவுக்குச் சொல்லத் தொடங்கினார். "தெரியும் சார். உடம்பு வெள்ளையணுவக் கூப்பிட்டது நிக்கல" என்றாள்.

எஸ்தர் டாக்டர் என் மனைவிக்குச் சொன்ன பதில்தான் என்னிடம் இருக்கிறது. ஜெனிபாவிடம் அந்தக் குழிகள். கல்லறைத் தோட்டத்தில் நல்ல வெயில். ஊரே பார்க்க நின்றாள். துப்பட்டா தோளில்தான் கிடந்தது.