மூன்று அறை வீடு

எங்கள் வாசகர் வாட்ஸ்அப் குழுவில் தோழி ஒருத்தி அனுப்பிய பழைய நாவல் ஒன்றின் ஒலிநூலை மீன் கழுவிக்கொண்டே கேட்டு முடித்தேன். கல்யாணம் முடிந்ததும் பெண் அழுதுகொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனாள். எனக்குத் தெரிந்த முடிவு இதுவல்ல.

கல்முனைக்குடியில் நான் சிறுமியாக இருந்தபோது, என் அக்கா, ராத்தா, இதே நாவலை அஸர் தொழுகைக்குப் பிறகு முற்றத்தில் உரக்க வாசிப்பாள். உம்மாவும் பக்கத்து வீட்டு மாமிமாரும் கொச்சிக்காய்க் காம்பு கிள்ளியபடி கேட்பார்கள். மிளகாய் நெடியில் எல்லோரும் தும்முவார்கள். அவள் வாசித்த முடிவில் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்குக் குடிவந்தான்.

"ஊடு எத்தின அறை?" என்று உம்மா கேட்டார்.

"மூணு அறை," என்று ராத்தா தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே வாசித்தாள். பெண்ணுக்குக் கிடைத்த சீதன வீடு போதும் என்று மாமிமாருக்கு நிம்மதி.

ஒலிநூலில் பிழை, மூன்று அறை வீடு எங்கே என்று குழுவில் எழுதினேன். ராத்தாவும் அதே குழுவில்தான் இருக்கிறாள். அவளிடமிருந்து குரல் பதிவு வந்தது.

"பிழையில்ல புள்ள. அது கைமாறி வந்த புத்தகம், கடைசித் தாள் இல்ல. நான்தான் முடிச்சி வெச்சன். நம்மட ஊர்ல கலியாணம் முடிச்சி எந்தப் பொண் ஊட்ட உட்டுப் போனவ?"