சின்ன ரம்பத்துக்கு வைத்த பொட்டு

குமரகுருவைப் பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். அவன் அப்பா பரமசிவம் எனக்குச் சின்னம்மா பிள்ளை. குமரகுரு தறிக்காரக் குடும்பத்தில் பிறந்தாலும் காஞ்சிபுரத்தில் அலுமினிய ஜன்னல், கதவு செய்யும் கடை போட்டவன். ஆயுத பூஜை என்றால் சொந்தபந்தம் மொத்தமும் அவன் கடையில்தான் கூடும். பொரியும் கடலையுமாக ஆளுக்கொரு பொட்டலம் கொடுப்பான். அன்றைக்கு ஒரு நாள் அவன் ராஜா.

அந்த நாளையும் மச்சான் பறித்துக்கொண்டான் என்பதுதான் அவன் வயிற்றெரிச்சல்.

மச்சான் என்றால் அவன் பெண்டாட்டி அம்சவேணியின் அண்ணன் ஆனந்தகுமார். வெளிநாட்டில் விமானம் பழுது பார்த்துவிட்டுத் திரும்பி, பக்கத்து ஐயம்பேட்டையில் ஒரு ஷெட்டில் இரண்டு பேர் உட்காரும் விமானத்தைத் தானே கட்டிக்கொண்டிருந்தான். கல்யாண வீடோ கருமாதி வீடோ, குமரகுருவைப் பார்த்தாலே, "உன் மச்சான் ஏரோப்ளேன் எப்பப்பா பறக்கும்?" என்பார்கள். வீட்டுக்கு வந்தால் அம்சவேணி.

"எங்க அண்ணன் வானத்துல போறதுக்கு செஞ்சிக்கினு இருக்குது. நீ பாத்ரூம் கதவு செஞ்சிக்கினு இரு."

பூஜைக்கு முந்தின நாள் ஆனந்தகுமார் கடைக்கு வந்தான். விமானத்தின் வாலுக்குள் ஒரு தகடு. அதிலுள்ள துளையை அகலப்படுத்தினால்தான் வாலை அசைக்கும் கம்பி உரசாமல் ஓடும். உள்ளே ஒரு கைதான் போகும். துளைக்குக் கட்டைவிரல் அகலம் கீழேயே விமானத்தின் வெளித்தகடு. அதில் ரம்பம் இறங்கினால் வாலையே பிரித்துப் புதிதாகச் செய்ய வேண்டும்.

"கிரைண்டர் உள்ள நுழையல மாப்ள. செவுத்துல மாட்டின ஃப்ரேம அறுப்பியே, அதிர்ந்துக்கினே அறுக்குமே சின்ன ரம்பம், அதக் குடு. நாளைக்கு அம்மா வராங்க. வால் ஆடுறத அவங்க பாக்கணும்."

அதுதான் சரியான ரம்பம். அகலம் குறைந்த பல், இருந்த இடத்திலேயே அதிர்ந்து, ஆழம் போகாமல் அறுக்கும். குமரகுருவுக்கு அது தெரியாதா?

"அதுக்கு சந்தனப் பொட்டு வெச்சாச்சு மச்சான். பூஜ முடியாம எடுக்கக் கூடாது. ஜிக்சாவ எடுத்துக்கினு போ."

ஜிக்சாவின் பிளேடு மேலும் கீழும் குத்தி அறுப்பது. விரல் நீளம் கீழே இறங்கும். வெளித்தகட்டைக் குத்தாமல் விடாது. அதுவும் அவனுக்குத் தெரியும்.

மச்சான் போனதும் கடையில் இருந்த அம்சவேணி கேட்டாள். "ஏன், ஜிக்சாவுக்கு பூஜ கெடையாதா? அது இன்னா பாவம் பண்ணுச்சு?"

"உங்க அண்ணன் அவசரம்னு சொன்னாரே, அதான்" என்று முனகிக்கொண்டே, அப்போதுதான் சந்தனத்தைக் குழைத்துச் சின்ன ரம்பத்துக்குப் பொட்டு வைத்தான்.

மறுநாள் வாழைக்கன்று கட்டி, பொட்டலங்களை அடுக்கிவைத்து உட்கார்ந்தான். ஒருவரும் வரவில்லை. எல்லாரும் ஐயம்பேட்டைக்கு விமானம் பார்க்கப் போய்விட்டார்கள், அம்சவேணி உட்பட. சாயங்காலம் வரை பொறுத்தான். சரி, வாலில் விழுந்த ஓட்டையையாவது கண்குளிரப் பார்க்கலாம் என்று வண்டியை எடுத்தான்.

விமானத்துக்குப் பெரிய மாலை. சுற்றி அத்தனை சொந்தமும் பொரி தின்றுகொண்டிருந்தது. வாலில் ஓட்டை இல்லை.

"வா மாப்ள. அட்டையில அதே அளவுக்கு செஞ்சி ஜிக்சாவ ஓட்டிப் பாத்தேன். கீழ் அட்டய குத்திடுச்சி. சின்னத நீ ஏன் குடுக்கலன்னு அப்பத்தான் புரிஞ்சுது."

குமரகுரு வண்டிச் சாவியைத் தேடினான்.

ஆனந்தகுமார் தன் தாய் காமாட்சியம்மாளிடம் திரும்பினான். "அந்தச் சின்ன ரம்பம் பழகாத கைக்கு நிக்காதும்மா. தானே வந்து அறுத்துக் குடுக்கணும்னு இருந்திருக்காரு. வாயத் தெறந்து சொல்லியிருக்கலாம் இல்ல மாப்ள?"

அத்தனை பேர் முன்னாலும் குமரகுரு நல்லவனாகிவிட்டான். அந்த நல்ல பேரையும் மச்சான்தான் கொடுத்தான் என்பது கூடுதலாக எரிந்தது.

மறுநாள் காலை பூஜையிலிருந்து ரம்பத்தை எடுத்துக்கொண்டு போனான். தோள் வரை கையை விட்டு, சின்னக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அறுத்தான். கம்பியை இழுத்ததும் வால் ஆடியது. காமாட்சியம்மாள் கைதட்டி, "என் புள்ள கெட்டிக்காரன்" என்று மகன் கன்னத்தை வழித்தாள்.

அதோடு விட்டானா குமரகுரு? போன மாதம் ஆனந்தகுமார் அதே மாதிரிச் சின்ன ரம்பம் ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிட்டான். கேள்விப்பட்ட குமரகுரு, கடையை அப்படியே போட்டுவிட்டு ஐயம்பேட்டைக்கு ஓடினான். புதுசை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது மரம் அறுக்குற பல்லு மச்சான். அலுமினியத்துல ஓடாது. நான் இருக்கறப்ப, அந்த வாலுக்குள்ள வேற எவனும் கைய வுடக் கூடாது, ஆமா."

அலுமினியமும் அறுக்கும் என்று பெட்டியிலேயே படம் போட்டிருந்ததாம். அம்சவேணிதான் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.