பாட்டுக்கு நடுவே கேட்ட மணியோசை

மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலை நேரம். தேவிகுளத்துக்குக் கொஞ்சம் கீழே, நாங்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. எங்கள் பக்கம் போனுக்கு ரேஞ்சு ஒழுங்காகக் கிடைப்பது சாலை வளைவில் இருக்கும் சிறு பாலத்தில்தான். அதன் கைப்பிடிச் சுவர் கரையில் முடியும் இடத்தில் உட்கார்ந்து, மகன் அனுப்பிய பாட்டைக் கேட்க ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

மகன் கொச்சியில் ஒரு ராக் குழுவில் கிட்டார் வாசிக்கிறான். நல்ல வேலையை விட்டுவிட்டு அதற்குப் போனதே எனக்குத் தீராத கவலை. இப்போது அந்தக் குழுவில் இரண்டு பேர் மட்டும் தனியாகச் சேர்ந்து சிந்த்-பாப் என்று ஒரு பாட்டு வெளியிட்டிருந்தார்கள். அதில் கிட்டாரும் கிடையாது, டிரம்ஸும் கிடையாது, எல்லாமே சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியம். தெரிந்த வாத்தியத்தையும் விட்டுவிட்டானே என்று இன்னொரு கவலை சேர்ந்தது.

"முழுசாக் கேளுங்கப்பா. பாதியில நிறுத்திட்டுக் குறை சொல்லாதீங்க" என்று சொல்லியிருந்தான்.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். எண்ணாமல் எனக்கு எதையும் கேட்கத் தெரியாது. தாளம் நாலு நாலாக ஒழுங்காகத்தான் போனது. ஆனால் நடுவே மெல்லிய மணி ஒன்று ஒலித்தது. அது ஒலிக்கும்போதெல்லாம் பாட்டு ஒரு கணம் தணிந்து மீண்டது. எந்தத் தாளத்திலும் அது சேரவில்லை. ஒருமுறை தனியாக, பிறகு இரண்டு சேர்ந்தாற்போல, பிறகு மறுபடியும். விரலை ஆட்டி எண்ணிக்கொண்டே வந்தேன். ஓடைக்கு எதிரே தொழிலாளர் லைன் வீட்டில் இருக்கும் பெண் இடையில் போனில் அழைத்தாள். அதைத் துண்டித்தேன். பாட்டு முடிந்தபோது அந்த மணி ஏழு தடவை தாளம் தப்பியிருந்தது. மகனிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தைக்கூட மனதில் தயாரித்துவிட்டேன்.

ஹெட்போனைக் கழற்றினேன். ஓடைக்கு அந்தப் பக்கம், லைன் வீடுகளுக்கு முன்னால், பத்துப் பதினைந்து பேர் அசையாமல் நின்றிருந்தார்கள். யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். போனில் அழைத்த பெண் உள்ளங்கையைக் கீழே அழுத்தி அழுத்தி, "அப்படியே உட்கார்ந்திருங்கள்" என்று சைகை காட்டினாள். அப்போது என் முதுகுக்குப் பின்னால், பஸ் பிரேக்கில் காற்று விடுவது போல, ஒரு பெருமூச்சு.

நான் திரும்பவில்லை. தைரியத்தால் அல்ல, கழுத்து திரும்ப மறுத்தது. எவ்வளவு நேரம் என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. தேயிலைச் செடிகள் முறியும் சத்தம் சரிவில் இறங்கித் தேய்ந்த பிறகு, தோட்டத்து ஜீப் ஓட்டுகிற தம்பி ஓடிவந்து என்னைத் தூக்கி நிறுத்தினான். சுவருக்குப் பின்னால் ஈர மண்ணில், நான் சாய்த்து வைத்திருந்த குடைக்குப் பக்கத்திலேயே, யானையின் காலடி பதிந்திருந்தது.

"கத்திக் கத்தித் தொண்டை வத்திப்போச்சு சார். நீங்க என்னடான்னா விரல ஆட்டி யாரையோ வஞ்சுக்கிட்டு இருக்கீக" என்றாள் அந்தப் பெண்.

போனைப் பார்த்தேன். யானை நடமாட்டம் சொல்வதற்கென்றே எங்கள் தோட்டத்தில் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் ஏழு செய்திகள். "சார் பின்னாடி கொம்பன்." "சார் எந்திரிக்காதீங்க." "திரும்பாதீங்க சார்." ஏழும் எனக்கு வந்தவை. மகனின் பாட்டில் மணியே இல்லை.

"கத்துனது கேட்டிருந்தா ஓடிருப்பீக சார். ஓடுனா அது விட்டிருக்குமா?" என்றான் ஜீப் தம்பி. அந்தப் பாட்டு என்னைக் கொல்லப் பார்த்ததா, காப்பாற்றியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மாலையில் மகன் கேட்டபோது, நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னேன். பேசுவது அப்பாதானா என்று அவன் சந்தேகப்பட்டான். மழைக்கும் மண்சரிவுக்கும் மகனின் வருமானத்துக்கும் தினமும் பயந்தே வாழ்ந்தவன் நான். உண்மையாகவே பயந்திருக்க வேண்டிய பாட்டு ஓடிய அந்த நாலு நிமிடமும் நிம்மதியாக உட்கார்ந்து குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு சில்லிட்டுப் போகிறது.