ஒவ்வொரு முறையும் புது இலக்கம் கேட்ட பவானி மிஸ்

எழுத்து கோணலாக இருக்கும், நினைவு மலரை அச்சடிப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். அறுபத்தொன்பது வயதில் எழுதப் பழகியவன் நான். ஒரு 'ழ' போட்டு முடிக்க மூச்சு வாங்குகிறது. போட்டு முடித்ததும் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் பழைய முதலாளி போன் எடுத்து, "பெருமாள் ஐயா, பவானி போயிட்டா" என்றார்.

"யாருங்க பார்த்தது? எப்பப் பார்த்தாங்க?" என்று கேட்டேன்.

"இப்ப பொரளையில அவவின்ர பெட்டிக்குப் பக்கத்திலதான் நிக்கிறன். அவ பழக்கின பழக்கம் உங்களையும் விடேல்லை" என்று அழுதார்.

உண்மையைச் சொல்கிறேன், பவானி மிஸ்ஸோடு வேலை செய்வது பெரிய தொல்லை. யுத்த காலத்தில் வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியிலிருந்த எங்கள் கம்ப்யூட்டர் கந்தோரில், அதாவது ஆபீஸில், மிஸ் புரோகிராம் எழுதுபவர்; நான் தேநீர் போட்டு, கூட்டித் துடைப்பவன்.

"கீழ கடை திறந்திருக்கோ?" என்பார்.

"ஆமாங்க மிஸ்."

"எப்ப பாத்தனீங்கள்?"

"காலையில வரும்போது."

"அது காலமை ஓம். எனக்கு இப்பத்தைய ஓம் வேணும். கடை நானா என்ன நிறச் சேட் போட்டிருக்கிறார் எண்டும் பாத்திட்டு வாங்கோ."

நான் உண்மையிலேயே இறங்கிப் போனேனா என்று பார்க்கத்தான் அந்தச் சட்டை நிறம். கடைக்கார நானா ஒருநாள் கேட்டார்: "உங்கட மிஸ் என்னக் கலியாணம் முடிக்கப் போறாவா? ஒவ்வொரு நாளும் சேட் கலர் கேக்கிறாவே!"

கந்தோர் வேலையிலும் இதே பாடுதான். ஒரு கம்ப்யூட்டர் தன் அடையாளத்துக்குச் சான்றிதழ் காட்டினால், எதிரே இருக்கும் கம்ப்யூட்டர் அது இன்னும் செல்லுமா என்று சான்றிதழ் கொடுத்த இடத்தில் விசாரிக்கும். 'செல்லும்' என்று கையொப்பத்தோடு பதில் வரும். கள்ளன் அந்தப் பதிலை எடுத்து வைத்து, சான்றிதழ் ரத்தான பிறகும் அதையே நீட்டலாம். கையொப்பம் உண்மையானது, பதில்தான் பழையது. அதனால் மிஸ் ஒவ்வொரு கேள்வியோடும் முன்பு பாவிக்காத ஓர் இலக்கத்தை அனுப்ப வைத்தார். பதிலிலும் அதே இலக்கம் கையொப்பத்துக்குள் அடங்கி வரவேண்டும். வராவிட்டால் அந்தப் பதில் குப்பை.

"பதிலுகளை முதலே செய்து வைக்க ஏலாமல் கிடக்கு, பிள்ளை. எல்லாம் ஸ்லோ. அந்த நம்பரை எடுத்துவிடுங்கோவன்" என்று முதலாளி கெஞ்சினார்.

"எடுத்தா வேகமாப் பழசைச் சொல்லும்" என்றார் மிஸ்.

அந்த வருஷம் கொட்டாஞ்சேனையில் நடந்த ராணுவச் சுற்றிவளைப்பில் என் மகன் ரவியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். முகாமுக்குள்ளே ஆள் தெரியும் என்று ஒருவன் வந்தான். வாரம் தவறாமல் கிழமைக்கு ஒரு பார்சல் கொடுப்பேன்: உடுக்கச் சாரம், சவர்க்காரம், பிஸ்கட். அவன் ரவி எழுதிய காகிதத் துண்டைக் காட்டி, வாசித்தும் சொல்வான்: "அப்பா, நான் சுகம். யோசிக்க வேண்டாம்." வைத்திருந்தால் பிரச்சினை என்று திருப்பி வாங்கிவிடுவான். ஐந்து கிழமை அந்தச் 'சுகத்'தில் நான் உயிரோடு இருந்தேன்.

மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் ஒரு தாளில் ஐந்து இலக்கங்களை எழுதித் தந்தார். "இதைத் தம்பியை அடியில எழுதச் சொல்லுங்கோ."

வந்தவன் சிரித்தான். "என்ன ஐயா, லொத்தர் சீட்டு நம்பரா?"

அடுத்த கிழமை துண்டு வந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது; ஆனால் பஸ் நம்பர் பார்த்துப் பழகியதால் இலக்கம் தெரியும். இலக்கம் இல்லை. இருந்தும் அவனைக் கந்தோருக்கே கூட்டிப் போய் மிஸ்ஸிடம் காட்டினேன்.

"ரவி எழுத்துதானேங்க மிஸ்? எனக்கு அவன் எழுதித் தர்ற லீவு லெட்டர் பார்த்திருக்கீங்களே. ஆமான்னு சொல்லுங்களேன்."

"எழுத்து அவன்ரதான் ஐயா. ஆனா இண்டைக்கு எழுதினதில்லை, மடிப்பெல்லாம் தேஞ்சு கிடக்கு. அஞ்சு கிழமையும் இதே துண்டைத்தான் காட்டியிருக்கினம்."

வந்தவன் அதற்குள் படியிறங்கிவிட்டான். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை, மிஸ்மேல்தான் வந்தது. இருந்த ஒரு நிம்மதியையும் பிடுங்கிவிட்டாரே! இரண்டு நாள் அவருக்குச் சீனி போடாமல் தேநீர் கொடுத்தேன். அதையும் குடித்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் லீவு போட்டுவிட்டு, "வெளிக்கிடுங்கோ" என்றார். கைதிகளை முகாம்களில் போய்ப் பார்த்துக் கடிதம் வாங்கி வரும் ஓர் அலுவலகத்தில் என்னோடு வரிசையில் நின்றார். அங்கேயும் ஓர் இலக்கம் எழுதிக் கொடுத்தார். பழைய இலக்கத்தையே கொடுத்தால் போதாதா என்றேன். "அதைத்தான் அவன் கண்டிட்டானே!" என்று ஏசினார்.

பதினொரு நாளில் பதில் வந்தது. ரவியை முதல் கிழமையிலேயே தெற்கே வேறு முகாமுக்கு மாற்றியிருந்தார்கள். துண்டின் அடியில் அந்த இலக்கம் அப்படியே இருந்தது. மகன் எழுதியதில் நானே வாசித்த முதல் வரி அதுதான். மேலே இருந்ததை மிஸ் வாசித்தார்: "அப்பா, நான் உயிரோடு இருக்கிறேன். இது என்ன நம்பர்?" வாசித்த பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இடம் தெரிந்ததால் போய்ப் பார்க்க முடிந்தது. ஏழு மாதத்தில் வீட்டுக்கு வந்தான். இப்போது வெளிநாட்டில் இருக்கிறான்.

பவானி மிஸ்ஸிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தத் தொல்லைதான். ஒவ்வொரு புதன்கிழமையும் மகனுக்கு என் கையாலேயே கடிதம் எழுதுகிறேன். தலைப்பில் ஐந்து இலக்கங்கள். அவன் பதிலில் அவை இல்லாவிட்டால் திருப்பிக் கேட்பேன். "அப்பாவோட பெரிய கரைச்சல்" என்கிறான். சொல்லட்டும்.

வருகிற புதனும் எழுதுவேன். இலக்கம் இன்னும் யோசிக்கவில்லை. முன்கூட்டியே யோசித்து வைத்தால் மிஸ் ஏசுவார்.