காக்காவுக்குக் கொடுத்த கிட்னி

கொரோனா முடிந்து, மாஸ்க்கைக் கண்டாலே எல்லோருக்கும் எரிச்சல் வந்த காலம் அது. கல்முனையில் இருக்கும் என் மூத்த சகோதரருக்கு, எங்கள் வழக்கில் காக்காவுக்கு, இரண்டு கிட்னியும் பழுதாகி டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. பரிசோதித்ததில் என்னுடையது பொருந்தியது. இருவருக்கும் கொழும்பில் ஒப்பரேஷன் நடந்தது.

நான் எழுந்து நடக்கத் தொடங்கியதும் டொக்டர் தன் கம்ப்யூட்டரில் ஒரு வீடியோவைக் காட்டினார். காக்காவின் வயிற்றில் என் கிட்னியைப் பொருத்தியதும், நரம்பில் ஒரு சாயத்தை ஏற்றி விசேஷக் கெமராவால் பார்த்திருக்கிறார்கள். இரத்தம் போன இடமெல்லாம் பச்சையாக ஒளிர்ந்தது. கீழ் ஓரம் மட்டும் இருட்டாகக் கிடந்தது. ஏதோ அந்த நிமிடம்தான் நடக்கிற மாதிரி, "ஐயோ, என்ன டொக்டர் இது?" என்று கேட்டுவிட்டேன்.

"பயப்படாதீங்க. ரத்தக் குழாய் கொஞ்சம் மடங்கி இருந்திச்சு. சும்மா கண்ணால பார்த்தா தெரிஞ்சிருக்காது" என்றார். அதைச் சரிசெய்து மறுபடி சாயம் ஏற்ற, முழுக் கிட்னியும் பச்சையாகிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் எங்களிடம் கேட்டது ஒன்றுதான். புதிய கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து, நோயை எதிர்க்கும் சக்தியையும் குறைத்துவிடுமாம். அதனால் சில மாதங்களுக்கு ஆட்களை அண்டவிடக் கூடாது. "ரத்தம் ஓடுதா எண்டு நாங்க பார்த்திட்டம். இனி வீட்டுல நீங்கதான் பார்க்கணும்."

எங்கள் ஊரில் அது நடக்கிற காரியமா? நோயாளியைப் போய் நலம் விசாரிப்பது மார்க்கத்தில் நன்மை. காக்காவை என் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தோம். வேன் வந்து நிற்குமுன் செய்தி பக்கத்து ஊர் சம்மாந்துறை வரை போய்விட்டது. அப்பிளும் ஆட்டுக்கால் சூப்புமாகக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள்.

"கேட்டைப் பூட்டுவமே காக்கா" என்றேன்.

"விசர்க் கதை கதைக்காத. பார்க்க வந்த ஆக்கள வாசலோட அனுப்புறதா? ஊர் என்ன சொல்லும்?" என்று சிரித்தார்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே பயம்தான். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே தேநீர் ஊற்றப் போய்விட்டேன். ஒருவர் இருமிக்கொண்டே காக்காவின் இரண்டு கைகளையும் பிடித்து, அவர் சுகத்துக்காக இறைவனிடம் துஆ கேட்டார். அவரைத் தடுக்கவும் எனக்கு வாய் வரவில்லை.

சில நாட்களில் காக்காவுக்குக் கடுமையான காய்ச்சல். திரும்பவும் கொழும்பு. உயிரைக் காப்பாற்ற, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் அந்த மருந்தை நிறுத்த வேண்டி வந்தது, உடம்பு கிட்னியைத் தள்ளிவிட்டது. காய்ச்சல் யாரால் வந்தது என்று யாருக்குத் தெரியும்? எல்லோரும் அன்போடுதான் வந்தார்கள். யாரைக் கோபிப்பது?

காக்கா இப்போது பழையபடி டயாலிசிஸுக்குப் போய் வருகிறார். என்னைக் கண்டால் ஏதாவது சொல்லிச் சீண்டாமல் விடாத மனிதர், இப்போது தலையைக் குனிந்துகொள்கிறார். "நீங்க என்ன செய்வீங்க காக்கா, விடுங்க" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். உடம்பைக் கிழித்து ஒன்றை எடுத்துக் கொடுக்கத் துணிந்த எனக்கு, அந்தக் கேட்டைப் பூட்டி நாலு பேரின் பேச்சை வாங்கத் துணிவு வரவில்லையே என்பதுதான் இன்றும் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.