மாத்திரை டப்பாக்காரர்

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் சதுரங்கப்பட்டினத்து மீனவர் ஒருவர் கிடந்தார். கால் புண் முழங்கால்வரை ஏறியிருந்தது. மீசை மட்டும் குறையாமல் இருந்தது. நர்ஸ் தரும் மாத்திரைகளில் ஒன்றை விழுங்கி, ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கி, பிறகு துப்பித் துடைத்துத் தலையணைக்கடியில் ஒரு டப்பாவில் சேர்ப்பார்.

"இன்னாத்துக்கு அண்ணாத்த இது?" என்று கேட்டேன்.

"காய்ச்சல் வுட்டுச்சில்ல? மீதி வூட்டுக்கு ஆவும். எங்க தெருவுல யாருக்கு காய்ச்சல்னாலும் என்னாண்டதான் வருவாங்கோ."

அவர் புண்ணுக்கும் எனக்கும் மூன்றடிதான் தூரம். எனக்கும் தொற்றிவிடுமோ என்ற பயத்தில் நர்ஸிடம் சொல்லிவிட்டேன். டப்பா குப்பைக்குப் போனது.

மறுநாள் டாக்டர் பரிசோதனைத் தாளோடு வந்தார். வருஷக்கணக்காகப் பாதி பாதியாகத் தின்றதில் கிருமி பழகிவிட்டது, இனி எந்த ஆன்டிபயாட்டிக்கும் அதற்குக் கேட்காது என்று விளக்கினார்.

மீனவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"டப்பா இருந்தா பொழச்சிருப்பேன். நீதான் போட்டுக் குடுத்துட்ட."

மூன்று நாள் என்னை முறைத்தபடியே கிடந்து செத்தார். துணிமணி எடுக்க வந்த மனைவி என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"டப்பா ஒண்ணு வெச்சிருந்தாரே, எங்க இருக்குதுப்பா? பேரனுக்குக் காய்ச்சல் அடிக்குது."