சாவி தளரும்போது கேட்ட குரல்

கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா, துரை பங்களாவின் சமையற்காரர். துரை சீமைக்குப் புறப்பட்டபோது தன் கிராமபோன் பெட்டியையும் ஒரே ஒரு அமெரிக்க இசைத்தட்டையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டியை நாங்கள் குடியிருந்த லயத்துக்குத் தூக்கிவந்த அன்று அப்பா நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே, தோட்டத்தையே எழுதிக்கொடுத்துவிட்ட மாதிரி!

தட்டில் ஒரு சிறுமி பாடினாள். ஒரு சொல்கூட விளங்கவில்லை. அம்மா மட்டும் கைவேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"பெரியவ குரல் மாதிரியே இருக்குல்ல?" என்றாள்.

இலங்கைப் பிரஜாவுரிமை இல்லாமல் அத்தை குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, எட்டு வயது அக்காவையும் கூட அனுப்பியிருந்தார்கள். பின்னாலேயே நாங்களும் போவதாகப் பேச்சு. நாலு வருஷமாகியும் போகவில்லை.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானமெல்லாம் அந்தச் சிறுமிதான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. சாவி தளர்ந்தால் அவள் குரல் தடித்துக் கிழவர் குரலாகிவிடும். "புள்ளைக்கு வயசாயிருச்சு!" என்று அப்பா சிரிப்பார். அம்மா கோபத்தோடு ஓடிப்போய்ச் சாவி கொடுத்து அவளை மறுபடி சிறுமியாக்குவாள்.

டவுன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் ஓரளவு பிடிபட்டதும், தட்டின் உறையை எழுத்துக்கூட்டி வாசித்தேன். பெரிய கம்பெனிகள் சீந்தாத பாட்டுக்காரர்களுக்காக ஒரு புருஷனும் பெண்சாதியும் தொடங்கிய கம்பெனியாம். ரேடியோ பழுதுபார்க்கும் கடையின் பின்னறையில் ஆரம்பம். பிறகு ஒலிப்பதிவு மெஷினைக் காரில் ஏற்றிக்கொண்டு பருத்திக்காடு பருத்திக்காடாக அலைந்திருக்கிறார்கள். உறைகளை அந்தம்மா தன் கையாலேயே ஒட்டினாளாம். இந்தத் தட்டில் பாடியவர், எழுபது வயதுவரை பருத்தி எடுத்த ஒரு கிழவர். மெதுவாகச் சுற்ற வேண்டிய தட்டு அது. எங்கள் அவசரக்காரப் பழைய பெட்டிதான் அவரைச் சிறுமியாக்கியிருந்தது.

அம்மாவிடம் கம்பெனிக் கதையை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

"பருத்தி எடுக்கிறவங்களா? நம்மளாட்டம் வரிசையா நின்னா எடுப்பாங்க?" என்று ஆசையாகக் கேட்டாள். பிறகு, "இந்தப் புள்ள யாருன்னு போட்டிருக்கா?" என்றாள்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. சொல்லிவிட்டேன். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். ஏன்தான் படித்தேனோ என்றிருந்தது.

அடுத்த ஞாயிறு அவளே தட்டைப் போட்டாள். சாவி தளர்ந்து குரல் தடிக்கத் தொடங்கியதும், இந்தத் தடவை ஓடியது நான். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு. பெரியவளும் இந்நேரம் வளந்துதானே இருப்பா."